16 லட்சமா, பத்தரை லட்சமா?

கேள்வி: எனக்கு 28 வயது. சிறுசேரியில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் நாலே முக்கால் வருடமாக வேலை. சிடிசி (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை) 8.4 லட்சம். பெருங்குடியில் 60 பேர் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப் 16 லட்சத்துக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது. அதில் 4 லட்சம் ஈசாப் (கம்பெனிப் பங்கை வாங்கும் உரிமை), ஒன்றரை லட்சம் வேரியபிள் (நிலைமையைப் பொறுத்துக் கூடிக் குறையும் சம்பளம்). அந்தக் கம்பெனியைப் பற்றித் தேடிப் படித்தால், ஒருவர் "இரண்டு வருடத்தில் பத்து வருட வேலை கற்றுக்கொண்டேன்" என்கிறார். இன்னொருவர் "தயவுசெய்து இங்கே சேராதீர்கள்" என்கிறார். அப்பா கூட்டுறவு வங்கியில் 33 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். "இருக்கிற இடத்தை விடாதே" என்கிறார். போன வருடம் அவருக்கு ஸ்டென்ட் வைத்தோம். செலவு என் கம்பெனி இன்சூரன்ஸில் போனது. நான் யாரை நம்புவது?
(பெயர் வேண்டாம், மேடவாக்கம்)

பதில்: ரிவ்யூ எழுதிய இரண்டு பேரையுமே நம்பலாம். அவர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் சேர்ந்த புதிதில் எழுதியிருப்பார், மற்றவர் கிளம்பிய மாதத்தில். அதனால் தேதியைப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தால், ஹெச்.ஆர். ஒரு சுற்று வந்து "ஆளுக்கொரு ரிவ்யூ போட்டு விடுங்க" என்று கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நிதானமாகப் படிப்பது மூன்று நட்சத்திரக்காரர்களைத்தான். "நல்லா கத்துக்கலாம், ஆனா செட்டில்மென்ட் லேட்" என்று முடித்திருப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நானும் 45 பேர் இருந்த ஒரு கம்பெனியில் மூன்று வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். மளிகைக் கடைக்காரர்கள் பில் போடவும் கடன் கணக்கு வைக்கவும் ஒரு ஆப். வாடிக்கையாளருக்குப் போகும் எஸ்.எம்.எஸ்.ஸில் "தங்கள் நிலுவைத் தொகையைச் செலுத்தவும்" என்று நான்தான் எழுதினேன். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு விருதுநகரிலிருந்து ஒரு அண்ணாச்சி போன். "நிலுவைன்னா எவனுக்குத் தெரியும்? பாக்கின்னு போடுங்க. ஆள் பேரைப் போட்டு, எத்தனை ரூவான்னு போடுங்க." மறுநாள் காலை பதினொரு மணிக்கு மாற்றி வெளியிட்டுவிட்டோம். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, மூன்று பேர் பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள் என்றார். அதற்கு முன் நான் இருந்த பெரிய கம்பெனியில் ஒரு வார்த்தையை மாற்ற சேஞ்ச் ரெக்வெஸ்ட், கிளையன்ட் அப்ரூவல் என்று ஒன்றரை மாதம் ஆகும். அந்தத் திரையை யார் பார்க்கிறார்கள் என்பதே கடைசி வரை தெரியாது.

ஸ்டார்ட்அப்பில் என்ன பிடித்தது என்று யாரைக் கேட்டாலும், சுற்றி வளைத்து இந்த மாதிரி ஒரு கதையைத்தான் சொல்வார்கள். பீன் பேக், டேபிள் டென்னிஸ், வெள்ளிக்கிழமை பிரியாணி எல்லாம் மூன்றாம் மாதமே கண்ணில் படாது.

சரி, அதே அண்ணாச்சிகளிடம் என் நம்பர் இருந்ததே, அதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அக்கா மகனுக்குக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை. சர்வர் படுத்துவிட்டது. மண்டபத்து ஸ்டோர் ரூமில் வாழைத்தாருக்கும் எவர்சில்வர் அண்டாவுக்கும் நடுவில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். சரிசெய்துவிட்டு வெளியே வந்தபோது குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டான். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். எனக்கும் வேலைக்கும் நடுவில் ஆள் கிடையாது. அதனால்தான் காலையில் வார்த்தையை மாற்ற முடிந்தது, அதனால்தான் அன்றைக்கு வேறு யாரையும் கூப்பிடவும் முடியவில்லை.

இன்டர்வியூவில் யாராவது "நாங்க எல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி" என்றால் கொஞ்சம் உஷாராகுங்கள். குடும்பத்தில் யாரும் மணிக்கணக்கு பார்ப்பதில்லை, லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள், புகார் சொன்னால் "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்பார்கள். சில இடங்களில் ஹெச்.ஆரே ஃபவுண்டரின் (கம்பெனியைத் தொடங்கியவரின்) மனைவியாகவோ மைத்துனியாகவோ இருப்பார். பிறகு ஃபவுண்டரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் பெயர்களாக வந்தால் நல்லது. "அப்படி ஒரு பிரச்சினையே இங்கே வந்ததில்லை" என்று வந்தால், குழு இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு புகார் அடிக்கடி காதில் விழும்: ஃபவுண்டர் வார இறுதியில் ஒரு முதலீட்டாளரைச் சந்திப்பார், திங்கட்கிழமை காலை மொத்தக் கம்பெனியும் வேறு திசையில் ஓடும். ஆறு மாதம் எழுதிய கோட் குப்பைக்குப் போகும். இதைத் தாங்குவது அவரவர் சுபாவம். எனக்கு இது பெரிதாகத் தோன்றியதில்லை. என் நண்பர் ஒருவர் இதற்காகவே வேலையை விட்டார்.

பணம் சுபாவத்தைப் பொறுத்ததல்ல. அதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

16 லட்சத்தில் 4 ஈசாப், ஒன்றரை வேரியபிள். இரண்டையும் கழித்தால் பத்தரை. இப்போது வாங்குவது 8.4. அதில் எவ்வளவு வேரியபிள் என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆக, சம்பளம் இரண்டு மடங்காகவில்லை, வருடத்துக்கு 2.1 லட்சம், மாதத்துக்கு வரிக்கு முன் 17,500 ரூபாய் கூடுகிறது. பத்தரைக்குள்ளும் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி (பல வருடம் வேலை செய்தவர் விலகும்போது கம்பெனி தரும் தொகை) எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும் கிராஜுவிட்டியை ஆஃபரில் சம்பளமாகக் காட்டுவது இங்கே சகஜம்.

ஈசாப் என்பது ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கம்பெனியின் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. பங்கே உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். சட்டப்படி, கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும் வரை அதில் எதுவும் வெஸ்ட் ஆகாது, அதாவது அந்த உரிமை உங்கள் கைக்கு வராது. மிச்சம் பெரும்பாலும் நாலு வருடத்துக்குப் பரவியிருக்கும். உங்களிடம் 1,000 ஆப்ஷன் இருக்கிறது, வாங்கும் விலை 10 ரூபாய், அன்றைய மதிப்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய உடனே வித்தியாசமான 4,90,000 ரூபாய் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வந்துவிடும். விற்க இடமில்லாத பங்குக்குக் கையிலிருந்து வரி கட்ட வேண்டும். அரசின் தனிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் அந்த வரியைத் தள்ளிப்போட 2020 முதல் வழி இருக்கிறது. வேலையை விட்டால் அந்தச் சலுகையும் முடிந்தது. எனவே வாங்கும் விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும், இதற்கு முன் கம்பெனி யாரிடமாவது திரும்ப வாங்கியிருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வரும் வரை அந்த 4 லட்சத்தைப் பூஜ்ஜியமாகவே வையுங்கள்.

"ஃப்ரெஷ்வொர்க்ஸ்ல எத்தனை பேர் கோடீஸ்வரன் ஆனான் தெரியுமா?" என்று கேட்க ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். உண்மைதான். 2010இல் சென்னையில் தொடங்கிய அந்த சாஃப்ட்வேர் கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் 36 டாலருக்குப் பட்டியலானபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அதில் 70 பேர் போல முப்பது வயதுக்குள். சித்தப்பா சொல்லாத மிச்சம் இது: அந்த வருடம் முடிவதற்குள்ளேயே பங்கு அந்த 36 டாலருக்குக் கீழே போனது, 2024 நவம்பரில் 660 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டியலாகும் அளவுக்கு வளர்ந்த கம்பெனியின் கதையே இது. எங்கள் 45 பேரின் ஈசாப் கடிதங்கள் எங்கே போயின என்று இப்போது எனக்கே தெரியாது.

என்னுடைய அந்த 45 பேர் கம்பெனியில் சம்பளம் முதலில் 1ஆம் தேதி வந்துகொண்டிருந்தது. பிறகு 7, ஒரு மாதம் 19. ஆனால் எங்களுக்கெல்லாம் முன்னால் விஷயம் தெரிந்தவர் தெருமுனை டீக்கடை அண்ணன்தான். மாதக் கணக்கு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி வந்து, "சார், ரெண்டு மாசம் ஆச்சு" என்று ரிசப்ஷனில் நின்றார். அன்றைக்கே நான் ரெஸ்யூமேவைத் தூசி தட்டியிருக்க வேண்டும். புது ஃபண்டிங் வருகிறது என்று ஃபவுண்டர் சொன்னதை நம்பி இன்னும் நாலு மாதம் இருந்தேன். கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவே இல்லை.

ஆகவே ஃபவுண்டரிடம் நேராகக் கேளுங்கள்: இன்றைக்குக் கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? கடைசியாக முதலீடு வந்தது எப்போது? நல்ல ஃபவுண்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். அப்புறம், கடந்த ஒரு வருடத்தில் அங்கிருந்து விலகிய ஒருவரை லிங்க்ட்இனில் பிடியுங்கள். "கம்பெனி எப்படி?" என்று கேட்டால் நாகரிகமாக ஏதாவது சொல்லி மழுப்புவார். "ஃபுல் அண்ட் ஃபைனல் (விலகும்போது தீர்க்கும் கடைசிக் கணக்கு) எத்தனை நாளில் வந்தது?" என்று கேளுங்கள்.

இனி இரண்டு விஷயங்களுக்கு அவசரம். புது இடத்தின் இன்சூரன்ஸில் பெற்றோர் உண்டா என்று மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். சிறிய கம்பெனிகள் பலவற்றில் ஊழியருக்கு மட்டும்தான் இருக்கும். ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குத் தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். இப்போதைய குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்பதை வேலையை விடும் முன் விசாரியுங்கள். இதற்கு ஆகும் பிரீமியத்தையும் அந்த 17,500இல் கழித்துப் பாருங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு நாலே முக்கால் வருடம்! இன்னும் மூன்றே மாதத்தில் கிராஜுவிட்டி. அதற்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 28,000 என்றால் ஏறக்குறைய 80,000 ரூபாய். ஸ்டார்ட்அப்காரர்கள் "நோட்டீஸ் பீரியடை நாங்களே பை-அவுட் பண்ணிடறோம், ஒரு மாசத்துல வாங்க" என்பார்கள். நோட்டீஸ் நாட்களுக்கான பணத்தைக் கட்டி உங்களைச் சீக்கிரம் விடுவிப்பதுதான் பை-அவுட். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ் என்றால், கடைசி வேலை நாள் ஐந்து வருடத்தைத் தாண்டி விழுகிறதா என்று காலண்டரைப் பார்த்து அதன்படி ராஜினாமா கொடுங்கள்.

என்னைக் கேட்டால், போகலாம். 28 வயதில் போரடிக்கும் வேலையில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் ஃபிக்ஸட் சம்பளத்தைப் பன்னிரண்டுக்கு உயர்த்திக் கேட்டுவிட்டு. வேண்டுமானால் ஈசாப்பைக் குறைத்துக்கொள்ளட்டும்.

அப்பாவிடம் 16 லட்சம் என்று சொல்லாதீர்கள், பத்தரை என்றே சொல்லுங்கள். பிறகு அவரிடமே ஒரு வேலை கொடுங்கள். பி.எஃப். நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால், அவர்கள் மாதாமாதம் பி.எஃப். கட்டிய தேதியும் எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பதும் வரும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. எந்த மாதம் தேதி தள்ளியது, ஆள் எண்ணிக்கை எந்த மாதம் 60இலிருந்து 48 ஆனது என்பதையெல்லாம் 33 வருடம் லெட்ஜர் பார்த்த கண் உங்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும்.