ஜவ்வு தேய்ந்த முழங்காலுக்கு பி.ஆர்.பி. ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல் பிரிவில் வேலை. ஆறு மாதங்களுக்கு முன் பள்ளிகொண்டா அருகே ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிறகு வலது முழங்காலில் வலி. 'ஜவ்வு தேய்ந்துவிட்டது, ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசி மூன்று போட்டால் மறுபடி வளரும். ஸ்டெம் செல் ஊசி இன்னும் நல்லது' என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். ஆபரேஷன் இல்லாமல் சரியாகிவிடுமா? - வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் காயம் எதில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார், அவற்றுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ், எலும்பு முனையைப் போர்த்திய வழுவழுப்பான குருத்தெலும்பு ஆகிய மூன்றையுமே 'ஜவ்வு' என்றுதான் சொல்கிறோம். ஆனால் மூன்றுக்கும் சிகிச்சை வேறு. முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் பிடிமானமின்றி மடங்கினாலோ, ஊசியை யோசிக்காமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

குருத்தெலும்பில்தான் காயம் என்றால், அதற்கு ரத்த ஓட்டமே கிடையாது என்பதால் தானாக ஆறுவது அரிது. பி.ஆர்.பி. முறையில் உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் குழாயின் அடியில் படிய, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும் நீரில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவார்கள். இது அழற்சியைத் தணிப்பதால் சிலருக்குச் சில மாதங்கள் வலி குறைகிறது. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழித்தும், வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் 50 வயது கடந்த, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள். விபத்தில் அடிபட்ட உங்களுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 'வளரும்' என்று உறுதி சொல்லிப் பணம் கேட்பது சரியல்ல என்பதே என் கருத்து.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கென ஒரு தயாரிப்பு 2022-இல் இந்தியாவில் அனுமதி பெற்றிருக்கிறது. கிளினிக்கிலேயே கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்துப் போடுவது அந்த அனுமதிக்குள் வராது. மருந்தின் பெயரையும் அனுமதி விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஆய்வு என்றால் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

அதற்கு முன், பணம் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசை இறுகும்படி முழங்காலால் அதை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு தளர்த்துங்கள். பத்து முறை, காலையும் மாலையும். தரையில் சம்மணமிடுவதையும் குத்துக்காலிடுவதையும் சில மாதங்கள் தவிர்த்து, பிசியோதெரபி நிபுணர் சொல்லும் பயிற்சியை மூன்று மாதமாவது விடாமல் செய்தால், ஊசி தேவையா என்பதே வேறு கேள்வியாகிவிடலாம்.

பிறகும் பி.ஆர்.பி. போடுவதென்றால், நீங்கள் சாப்பிடும் வலி மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை நோய் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் வலி கூடுவது வழக்கம். காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.