சுண்ணாம்புத் தெளிநீர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். நீங்கள் இங்கே இருந்தபோது கடல்தொட்டி வைத்திருந்ததைப் பற்றி எழுதியதைப் படித்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. ஒன்றரை வருடமாக 300 லிட்டர் தொட்டி. மென்பவளங்கள் நன்றாக இருக்கின்றன. கல்பவளம்தான் கைகொடுக்கவில்லை. ஆறு மாதம் முன்பு வாங்கிய, அக்ரோபோரா என்ற நீலக் கல்பவளத்தின் ஃப்ராக் (வளர்ப்பதற்காக வெட்டிய துண்டு) மூன்றே வாரத்தில் பழுப்பாகிவிட்டது. பாஸ்பேட்டை உறிஞ்சும் குருணை போட்டேன், விளக்கைக் கூட்டினேன். இப்போது பழுப்பு போய் வெளிறிவிட்டது, நுனிகள் வெள்ளையாக இருக்கின்றன. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். ஆல்கலினிட்டி, அதாவது பவளம் எலும்பு கட்ட எடுக்கும் கார்பனேட் காரத்தின் அளவு, வாரம் முழுக்க இறங்கி 7க்கு வரும், ஞாயிற்றுக்கிழமை பொடி போட்டு 9.5க்கு ஏற்றுவேன். படங்களில் பார்க்கிற நிறம் வர எந்த விளக்கு வாங்கலாம்? நிறத்துக்கென்று விற்கும் அமினோ அமிலச் சொட்டுகள் பலன் தருமா? உப்பை மாற்ற வேண்டுமா? என் ஏழு வயது மகள் தினமும் காலையில் தொட்டியைப் பார்த்து, “அப்பா, அது செத்துப்போச்சா?” என்கிறாள். இன்னொரு சந்தேகம், மோதிரத்தில் பதிக்கும் பவளமும் இதுவும் ஒன்றா?

கா., செங்காங்

அன்புள்ள கா.,

போன வாரம் இங்கே தூத்துக்குடியில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுச் சுவரை இடித்தார்கள். காரை உதிர்ந்த இடத்தில், கையகலத்துக்கு ஒரு கல், உடம்பெல்லாம் பூப்பூவாகக் குழி. கொத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடல்ல எடுத்த கல்லுய்யா” என்று சொல்லிச் சுவரோரம் வைத்தார். அன்று இரவு உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

சில கேள்விகளை முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன். மோதிரப் பவளம் வேறு. அது மத்தியதரைக் கடலில் கிடைக்கும் சிவப்புப் பவளம், உங்கள் மென்பவளங்களுக்குத்தான் பங்காளி. விளக்கு வாங்க வேண்டாம். அமினோ அமிலச் சொட்டும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஆல்கலினிட்டி சோதனைப் பெட்டி வாங்குங்கள்.

நிறத்துக்கு வருவோம். நீங்கள் பார்க்கிற படங்கள் கருநீல விளக்கின் கீழ், லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு வடிகட்டி வைத்து எடுத்தவை. அந்த நிறத்தை எந்தக் கண்ணும் எந்தக் கடலிலும் பார்த்ததில்லை. அதற்காக ஓர் உயிரைப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

உங்கள் ஃப்ராக் பழுப்பானது நோய் இல்லை. பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சாப்பாட்டில் பெரும்பங்கை அந்தப் பாசிதான் வெளிச்சத்தில் சமைத்துக் கொடுக்கிறது. கடையில் இருந்ததைவிட வெளிச்சம் குறைந்த இடத்துக்கு வந்தாலோ, தண்ணீரில் சத்து கூடினாலோ பாசி பெருகும், பவளம் பழுப்பாகத் தெரியும். நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்பும் பவளம் தானே செய்துகொள்ளும் புரதங்கள். கடும் வெளிச்சத்துக்கு எதிராக அது பிடிக்கும் குடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பான அக்ரோபோராவை அப்படியே விட்டிருந்தால் நாலைந்து மாதத்தில் தொட்டிக்குப் பழகி, தானாக நிறம் எடுத்திருக்கும். நீங்கள் பொறுக்கவில்லை. பாஸ்பேட்டை உறிஞ்சிப் பாசியைப் பட்டினி போட்டீர்கள். பட்டினியாகக் கிடப்பதன் தலைமேல் விளக்கையும் கூட்டினீர்கள். பூஜ்யம், பூஜ்யம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கடலில்கூட அது பூஜ்யம் இல்லை. கடலில் பவளத்தின் வாய்க்கு இரவெல்லாம் இரை மிதந்து வரும். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் என்ன வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலில் சூடு கூடிப் பாசியை இழந்து வெளுக்கும் பவளங்களில் சில, திடீரென்று நியான் விளக்கு மாதிரி ஒளிர்வதுண்டு. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அதற்குக் காரணம் சொன்னார்கள். பாசி போனதும் வெள்ளை எலும்பில் பட்டு உள்ளே வெளிச்சம் பெருகுகிறது, அதைத் தாங்கப் பவளம் நிறப் புரதத்தைக் கூட்டுகிறது, அந்த நிழலில் பாசி திரும்பி வர ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த அழகைப் பார்த்து ‘ஆரோக்கியமாக இருக்கிறது’ என்று ஒருவர் நினைத்தால் எவ்வளவு பெரிய தவறு! நிறத்தை வைத்துப் பவளத்தின் நலத்தைக் கணிக்காதீர்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி எது தெரியுமா? ‘ஞாயிற்றுக்கிழமை பொடி போட்டு 9.5க்கு ஏற்றுவேன்’ என்பது. கேள்வியாகக்கூட இல்லாமல், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்ரோபோராவைக் கொல்வது அதுதான்.

இதைச் சொல்ல நான் காளவாசல் வரைக்கும் போக வேண்டும்.

நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில் தூத்துக்குடிக் கரையில் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் வந்து இறங்கும். கட்டடத்துக்குக் கொஞ்சம், சுண்ணாம்புக்கு மிச்சம். என் அப்பா ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவேன். கல்லையும் கரியையும் அடுக்கு அடுக்காகப் போட்டு எரிப்பார்கள். வெந்த கல் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும், அதே பூக்கள், அதே குழிகள், ஆனால் கையில் எடுத்தால் கனம் பாதியாகக் குறைந்திருக்கும். தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி நீற்றுவார்கள். சீறும், கொதிக்கும், ஆவி கிளம்பும். சற்று நேரத்தில் பூக்கள் எல்லாம் குழைந்து வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். ஒரு பூ எப்போது உடைகிறது என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது ஓர் உயிரின் எலும்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தெரியாது. ஆச்சி அதே சுண்ணாம்பைத்தான் வெற்றிலையில் தடவினாள்.

இங்கே பக்கத்துத் தீவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. இதில் விலாங்குசல்லி இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை வாரி எடுத்தபின் தீவு எத்தனை நாள் நிற்கும்? மன்னார் வளைகுடா 1986இல் தேசியப் பூங்கா ஆனது. அப்புறமும் கல் எடுப்பது நிற்கவில்லை, சுனாமி வந்து போனபின்தான் ஓய்ந்தது. 2001இல் கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. அதனால் ஊர் திரும்பிய நான் இங்கே தொட்டி வைப்பதில்லை. வைக்கவும் கூடாது. இந்தியாவில் இருந்து எனக்கு எழுதும் மற்ற நண்பர்களும் இதைக் கவனியுங்கள், தயவுசெய்து அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு வந்து, வளர்ப்புப் பண்ணையில் வெட்டிய ஃப்ராக்குகளை வாங்கி வளர்க்க ஆரம்பித்தபோது, கடல்தொட்டி வைத்திருந்த மூத்தவர் ஒருவர் கல்க்வாஸர் என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். பீட்டர் வில்கென்ஸ் 1970களில் ஐரோப்பாவில் பரப்பிய முறை. அது ஜெர்மன் சொல், அர்த்தம் சுண்ணாம்புத் தண்ணீர். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பவளத்தைச் சுட்டால் கரியமிலவாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு. நீற்றினால் நீற்றின சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் தொட்டியில் சொட்டவிட்டால், அது தண்ணீரில் இருக்கும் கரியமிலவாயுவைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது, பவளம் அதை எடுத்து மறுபடியும் கல்லாகக் கட்டுகிறது. என் அப்பாவின் காளவாசலில் நடந்தது அத்தனையும் பின்னோக்கி, என் வரவேற்பறையில், ஒவ்வொரு சொட்டாக. பதினோரு வருடம் செய்தேன். எனக்கு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

பவளம் இதை எடுத்துக்கொள்ளும் விதம்தான் விஷயம். அது ராவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறது. வெளிச்சத்தில் கூடுதலாக, இருட்டில் குறைவாக, ஆனால் நிறுத்துவதே இல்லை. கடலில் ஆல்கலினிட்டி 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) என்றால் இன்றும் 7, நாளையும் 7. அந்த உடம்பு லட்சக்கணக்கான வருடமாக அதற்குத்தான் பழகியிருக்கிறது. நீங்கள் ஆறு நாள் பட்டினி போட்டு ஏழாம் நாள் விருந்து வைக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் 2.5 ஏறுகிறது. தண்ணீரில் சத்தும் இல்லை. எலும்பு கட்டும் வேகத்துக்குச் சதை வளர முடியாமல் நுனி கருகுகிறது. வளரும் நுனியும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அது வழவழப்பாக, சதை போர்த்தியதாகத் தெரியும். கருகிய நுனி வெறும் எலும்பு, சில நாளில் பச்சைப் பாசி ஏறும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எனக்கு என்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.

7இலேயே வைத்திருங்கள், பரவாயில்லை. 8.5 என்றாலும் சரி. எண் எதுவானாலும் அது நகரக் கூடாது. இதை இந்தக் கடிதத்திலேயே நான் பத்து தடவை எழுதத் தயார். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராமுக்குப் பக்கம், மெக்னீசியம் 1300க்குப் பக்கம் இருந்தால் போதும், அவை மெதுவாகத்தான் மாறும். ஆல்கலினிட்டிதான் துரோகம் செய்யும். அதை நாளும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு அதே அளவை நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள். சுண்ணாம்புத் தெளிநீர் என்றால் உங்கள் 300 லிட்டரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 0.4 டிகேஎச் ஏறும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக அதையே விடலாம். இரவில் விடுங்கள். வெளிச்சம் இல்லாத நேரத்தில் பாசி கரியமிலவாயுவை எடுக்காது, பிஎச் இறங்கும், தெளிநீர் அதைத் தாங்கிப் பிடிக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொடவே கூடாது, என்ன கலந்திருக்கும் என்று தெரியாது.

ஒரு வார்த்தை எச்சரிக்கையாக. நான் பட்டது. ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். நீர்மட்டம் இறங்கினால் தானே தெளிநீரை ஏற்றும் மிதவை ஒன்று வைத்திருந்தேன், அதில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்துவிட்டது. பீப்பாய் முழுக்கத் தொட்டிக்குள் போனது. அந்த நீரின் பிஎச் 12க்கு மேல். ஐந்து நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது தொட்டி பால் மாதிரி நின்றது. அந்த வாசனை எனக்குத் தெரியும். நீற்றும் தொட்டியின் வாசனை. ஒன்பது வருடம் வளர்ந்த அக்ரோபோரா, என் இரண்டு கை அகலம், வெள்ளை வெளேரென்று எலும்பாக நின்றது. அப்பா இறந்து அப்போது இரண்டு மாதம். அவருக்காக அழாத அழுகையை அங்கே தரையில் உட்கார்ந்து அழுதேன். அதன்பின் மிதவையே கிடையாது. மருத்துவமனை டிரிப் குழாய்தான், ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் பாட்டிலில் ஊற்றி, சொட்டை எண்ணி விடுவேன்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது: குருணையை இன்றே எடுங்கள். மீன்களுக்குக் கொஞ்சம் தாராளமாக இரை போடுங்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 அளவுக்கு மெல்ல வரட்டும். விளக்கைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். வெப்பம் 26ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் அது நடக்காது. 2010லும் 2016லும் எங்கள் கடலே சூட்டில் வெளுத்தது, உங்கள் தொட்டி எம்மாத்திரம்? ஃப்ராக்கை இடம் மாற்றாதீர்கள். கையை உள்ளே விடாதீர்கள். மறுபடி பழுப்பானால் சந்தோஷப்படுங்கள், பாசி வீடு திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

மகளிடம் அது சாகவில்லை என்று சொல்லுங்கள். இருட்டினபிறகு ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் அடித்துக் காட்டுங்கள், சின்னச் சின்னக் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். ஆல்கலினிட்டி சோதனையையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள். குப்பியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு சொட்டில் நீலம் மஞ்சளாகும். எத்தனையாவது சொட்டு என்று அவள் நோட்டில் எழுதட்டும். ஏழு வயதுப் பிள்ளை சொட்டைத் தவறாக எண்ணாது, நாம்தான் எண்ணுவோம்.

உப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது இருப்பதே இருக்கட்டும். புதிதாகக் கலக்கிய உப்புநீரின் ஆல்கலினிட்டியை மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில உப்புகளில் அது 11 வரை இருக்கும், நீங்கள் தண்ணீர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அப்படி இருந்தால் மாற்றும் அளவைக் குறைத்து, பத்து லிட்டர் பத்து லிட்டராக மாற்றுங்கள். எண்களை எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.