ஜாவா குழுவுக்குள் கோட்லின்: கேள்வி பதில்

கே: ஜாவாவோடு சேர்த்து ஓடக்கூடிய கோட்லின் என்ற நிரல் மொழிக்கு மாறலாம் என்றால், எங்கள் சீனியர் "ஜாவாவில் என்ன குறை?" என்று கேட்டே மீட்டிங்கை முடித்துவிடுகிறார். எப்படிச் சமாளிப்பது சார்?

ப: நியாயமான கேள்விதானே! ஸ்லைடு போட வேண்டாம். போன ஆறு மாத புரொடக்‌ஷன் லாகை (பயனர்களிடம் ஓடும் நிரலின் பதிவேட்டை) எடுத்து, நல் பாயின்டர் எக்செப்ஷன் (நல், அதாவது மதிப்பே இல்லாத இடத்தைப் பயன்படுத்தப் போய் வரும் பிழை) எத்தனை என்று எண்ணுங்கள். கோட்லினில் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வேறு, கேள்விக்குறி போட்ட, நல் வரக்கூடிய ஸ்ட்ரிங் வேறு. நல் வரக்கூடியதைச் சோதிக்காமல் பயன்படுத்தினால் கம்பைல் ஆகாது, ஓடுவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளும். (ஜாவா கோடிலிருந்து வரும் மதிப்புகளுக்கு இந்தக் காவல் முழுசாகக் கிடையாது, அதையும் மறைக்காதீர்கள்.) எண்ணிக்கை சொற்பம் என்றால் அவர் சொல்வதுதான் சரி, விட்டுவிடுங்கள்.

என் குழுவில் எதிர்த்தவருக்கு மொழி பிரச்சினையே இல்லை. பல வருடமாக எல்லோரும் அவரிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். இனி அவர் ஜூனியரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதுதான் உறுத்தல். கோட்லின் கோடை எப்படி எழுத வேண்டும் என்ற விதிகளை வகுக்கும் வேலையை அவரிடமே கொடுத்தோம். இரண்டு மாதத்தில் எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார், விதியை மீறுகிறோம் என்று.

கே: 2019-லேயே கூகுள் ஆண்ட்ராய்டில் கோட்லினுக்குத்தான் முன்னுரிமை என்று சொல்லிவிட்டதே, அதைக் காட்டலாமா?

ப: ஆப் எழுதுகிறவர்களிடம் காட்டலாம். சர்வர் பக்கம் இருப்பவர் "நமக்கென்ன?" என்பார்.

கே: எங்கே தொடங்குவது?

ப: டெஸ்ட் கோடில். இரண்டு மொழியும் ஒரே புராஜெக்டில் இருக்கலாம், ஒன்றை ஒன்று கூப்பிடலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போகலாம்.

கே: ஜாவா கோடைத் தானாகக் கோட்லினாக்கும் இன்டெல்லிஜே எடிட்டரின் கன்வெர்ட்டரால் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால்?

ப: காலையில் குழுவே அடிக்க வரும். மாறிவரும் கோடில் அங்கங்கே இரட்டை ஆச்சரியக்குறி முளைத்திருக்கும். "நல் வந்தால் வெடித்துக்கொள்" என்று அர்த்தம். எதற்காக மாறினோமோ அதுவே போச்சு. ஃபைல் பெயரும் உள்ளடக்கமும் ஒரே கமிட்டில் (ஒரு தடவை சேமிக்கும் மாற்றத் தொகுப்பில்) பெரிதாக மாறினால், கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் அதைப் புது ஃபைலாக எடுத்துக்கொள்ளும், பழைய வரலாறு அறுந்துபோகும். முதலில் பெயர் மாற்றத்துக்கு மட்டும் ஒரு கமிட், அப்புறம் உள்ளடக்கம்.

கே: ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறோம். தொல்லை வருமா?

ப: வரும். கோட்லின் கிளாஸ்கள் சும்மா விட்டால் ஃபைனல், அதாவது அதை நீட்டி இன்னொரு கிளாஸ் எழுத முடியாது. ஸ்பிரிங் புராக்ஸிக்கு (நம் கிளாஸை நீட்டி ஸ்பிரிங் தானே உருவாக்கும் இடைக் கிளாஸுக்கு) அது ஆகாது. இதைச் சரிசெய்யும் கோட்லினின் ஸ்பிரிங் ப்ளக்-இன்னை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். முதல் வாரமே எர்ரர் வந்தால், "அப்பவே சொன்னேனே" என்று சொல்லக் காத்திருப்பவர் இருக்கிறார் இல்லையா?