குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து, இரவில் இணையத்தில் ஒரு கற்பனை உலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதி எழுதியே ஆடும் ஆட்டம் அது. அதில் இப்போது 23 நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டையும் ஒருவர் கட்டுகிறார். அந்த நாட்டின் ராஜாவாக, மந்திரியாக, வலை பின்னும் கிழவராக அவரே பேசி எழுதுகிறார். எல்லோரும் எழுதியது சேர்ந்துதான் அந்த உலகத்தின் சரித்திரம். போன இதழில் இந்த ஆட்டத்தைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகள் இவை.

அக்கா, நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எங்களுக்கென்று ஒரு சர்வர், அதாவது பேசிக்கொள்ள ஓர் இடம் போட்டு, மேப் வரைந்து, ஆளுக்கொரு கொடியும் வரைந்துவிட்டோம். மூன்று வாரமாக எல்லைச் சண்டை மட்டும்தான் நடக்கிறது. எங்கே தப்பு?
*– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்*

மேப் முழுவதையும் ஒன்பது பேருக்குப் பங்கு போட்டுவிட்டீர்கள், தம்பி. பாகப்பிரிவினை முடிந்த வீட்டில் அதற்கப்புறம் என்ன பேச்சு இருக்கும், வேலியைப் பற்றித்தான். மேப்பில் பாதியைக் காலியாக விடுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடல் வையுங்கள். கடல் இருந்தால் வியாபாரம் வரும், புயல் வரும், வழி தவறி ஒதுங்கும் படகு வரும். கதை தானாக நகரும்.

அடுத்தது, கொடியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். "உங்கள் நாட்டில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என் உலகத்துக்குள் வர விரும்பும் யாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவளுக்கு வேறு எந்தக் கேள்வி முதலில் வரும்? தள்ளுவண்டியில் ஏழெட்டு பிளாஸ்டிக் குடத்தை அடுக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்த சின்னம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தங்கச் சுரங்கமும் ஏவுகணையும் வைத்து நாடு கட்ட எல்லோருக்கும் தெரிகிறது. தண்ணீர் எங்கே என்று கேட்டவுடன்தான் ஆறு எங்கே, கண்மாய் எங்கே, மடையைத் திறப்பது யார், கடைமடைக்காரன் யாரிடம் போய் முறையிடுவான் என்று ஒவ்வொன்றாக யோசிக்கிறார்கள். அந்த இடத்தில்தான் அது நாடாகிறது.

எங்கள் கணக்கு எளிது. ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்கத்தில் 20 புள்ளி. தண்ணீர், விவசாயம், மீன்பிடி, படிப்பு, படை என்று அதைப் பிரித்துப் போட வேண்டும். கூகுள் ஷீட்டில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன். ஒரு பையன் 16 புள்ளியைப் படையில் போட்டுவிட்டு, தண்ணீரில் ஒன்றுகூடப் போடவில்லை. மூன்றாவது பருவத்தில் அவனுடைய படை பக்கத்து நாட்டுக்குள் போனது, ஆனால் சண்டை போட இல்லை, கிணறு கேட்டு. அந்தப் பதிவை எழுதியது அவனேதான். எங்கள் உலகத்தில் வந்த நல்ல எழுத்துகளில் அது ஒன்று.

எல்லைச் சண்டை அதற்குப் பிறகும் வந்தால் ஒரு பழைய வழி இருக்கிறது. 1959-இல் வெளிவந்த டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தில் ஏழு பேர் ஏழு வல்லரசுகளாக ஆடுவார்கள். பகடை கிடையாது. பேசிப் பேசிக் கூட்டு சேர்ந்து, கடைசியில் ஆளாளுக்கு உத்தரவை ரகசியமாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். 1960-களில் இதைத் தபாலிலேயே ஆடியிருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். சண்டை போடும் இருவரும் எதை விட்டுக்கொடுப்பார்கள், எதை விடமாட்டார்கள் என்று எனக்குத் தனியாக எழுதி அனுப்ப வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு இரண்டையும் சேர்த்துப் போடுவேன். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு பேரும் ஒரே மலையை விட்டுக்கொடுத்து எழுதியிருப்பார்கள்!

ஆட்டத்தில் ஒரு நாள் என்பது எவ்வளவு காலம்?
*– வாசகி, கீழக்கரை*

நாங்கள் 2017-இல், மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். ஐஸ் கம்பெனியில் எனக்கும் வேலை குறைவு. எல்லோருக்கும் நேரம் இருந்ததால், நிஜத்தில் ஒரு நாள் போனால் ஆட்டத்தில் ஒரு வருடம் என்று வைத்துவிட்டோம். தடைக்காலம் முடிந்தது. எங்களில் இரண்டு பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு ராத்திரி போய்விட்டு வந்து பார்த்தால், அவர்களுடைய பதிலுக்குக் காத்திருந்த தூதன் தாடி நரைத்து நிற்கிறான், பேசி முடித்திருந்த கல்யாணம் முறிந்து கிடக்கிறது. மனசு விட்டுப் போய் ஒதுங்கினார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வர எனக்கு நாலு மாதம் ஆனது.

இப்போது ஒரு வாரம் என்பது ஒரு பருவம். நாலு வாரம் சேர்ந்தால் ஒரு வருடம். கச்சான் காற்று அடிக்கும் வாரம், மழை வாரம், வாடை வாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு பதிவு போட்டால் போதும். உங்களில் யாருக்கு நேரம் மிகக் குறைவோ அவருடைய வேகத்துக்கு ஆட்டத்தை வையுங்கள். வேகமானவர்கள் காத்திருக்கும் நேரத்தில் தங்கள் நாட்டுச் சந்தையைப் பற்றி எழுதட்டும்.

ஒரே ராத்திரியில் என் தலைநகரத்தை ஒருவன் அழித்துவிட்டான். "குண்டு போட்டேன், உன் அரண்மனை போச்சு, ராணி செத்தாள்" என்று அவனே எழுதிவிட்டான். ஆறு மாதம் கட்டிய ஊர், அக்கா.
*– பெயர் வேண்டாம், தொண்டி*

படித்தபோது எனக்கே நெஞ்சு அடைத்தது, தங்கச்சி. இதை காட்மாடிங் என்பார்கள். அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன நடந்தது என்று நாமே எழுதிவிடுவது. இந்த ஒன்றைத் தடுக்காத எந்த ஆட்டமும் நிலைக்காது. உங்கள் சர்வரை நடத்துகிறவர் அந்தப் பதிவை நீக்கி, அது நடக்கவில்லை என்று அறிவிக்க வேண்டும். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். உங்கள் ஊரையும் கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள், அது உங்கள் எழுத்து.

எங்கள் விதி இது. அடிப்பவர் அம்பு புறப்பட்டதை மட்டும் எழுதலாம். அது எங்கே விழுந்தது, யாருக்குக் காயம் என்று எழுத வேண்டியவர் அடி வாங்கியவர். சரி, "எல்லா அம்பும் கடலில் விழுந்தது" என்று அவர் ஒவ்வொரு முறையும் எழுதினால்? அதுவும் ஆகாது. மூன்று அடியில் ஒன்றையாவது வாங்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் எல்லோர் முன்னாலும் இரண்டு பகடை உருட்டுவேன்.

நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். தோற்பதை எழுதத் தெரிந்தவர்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் தாங்குவது அவர்கள்தான். தனுஷ்கோடியை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், தலைமன்னாருக்குக் கப்பல் என்று இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் போனது. என் அப்பத்தா அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது காற்றைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். எந்தக் கடையில் என்ன வாங்கினோம், யார் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினோம் என்றுதான் சொல்வார். எங்கள் உலகத்தில் ஒரு பெண் தன் துறைமுகத்தைப் புயலுக்குக் கொடுத்தாள். அழிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இல்லாத தபால் ஆபீஸுக்கு வந்த ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரர் மணலில் நிற்பதை மட்டும் எழுதினாள். அன்றைக்கு மற்ற 22 நாட்டுக்காரர்களும் அவரவர் நாட்டிலிருந்து அரிசியும் மரமும் அனுப்பினார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

கச்சத்தீவைத் தனி நாடாக வைத்து ஆடலாமா? பரபரப்பாக இருக்குமே.
*– வாசகர், ராமேஸ்வரம்*

வேண்டாம், தம்பி. 285 ஏக்கர் தீவு. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைப் பக்கம் போனது. அதைப் பற்றிப் பேசவும் போராடவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆட்டமாக ஆடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். என் சர்வரிலேயே ஒருவருடைய அண்ணன் எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு, படகு போய், அங்கே சிறையில் இருந்தார். அந்த வாரம் யாராவது கடற்படையாக வேஷம் போட்டு "பிடித்தேன், படகை உடைத்தேன்" என்று எழுதியிருந்தால் நான் என்ன பதில் சொல்வேன்? நிஜ நாடு, நிஜ சாதி, நிஜ மதம், உயிரோடு இருக்கும் தலைவர் இவை எதுவும் எங்கள் உலகத்துக்குள் வராது. இதில் நான் யாருக்கும் வளைந்துகொடுப்பதில்லை.

ஆனால் இந்தக் கடலில் மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளை எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நாலு நாள் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அடிதடி எல்லாம் நடந்த பிறகு வந்தது. இன்றைக்கும் அதில் மனத்தாங்கல்கள் உண்டு. அதை எங்கள் பொதுக் கடலுக்குக் கொண்டுபோனோம். பெரிய கப்பல் நாடுகளுக்குச் சில நாள், சின்னத் தோணி நாடுகளுக்குச் சில நாள். அந்த உடன்படிக்கையைப் பேசி முடிக்க நிஜத்தில் ஏழு வாரம் ஆனது. ஒரு போர்கூட எங்களை அவ்வளவு நாள் தூங்கவிடாமல் வைத்ததில்லை.

என் மகன் பிளஸ் ஒன். ராத்திரி ஒரு மணிவரை ஏதோ நாட்டுக்கு பட்ஜெட் போடுகிறான். கவலையாக இருக்கிறது.
*– ஒரு தாய், பரமக்குடி*

கவலைப்படுவது சரிதான் அம்மா. ஒரு மணிவரை விழித்திருப்பது எதற்காக என்றாலும் தப்பு. எங்கள் சர்வரில் பள்ளிப் பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் பதிவு போடக் கூடாது. மார்ச் மாதம் உலகத்தையே பூட்டிவிடுவோம். மகனுடைய சர்வரை நடத்துவது யார், அங்கே என்ன விதி என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். யாருக்கும் போன் நம்பர், படம், வீட்டு விலாசம் கொடுக்கக் கூடாது. பெரியவர்கள் யாராவது தனியாக மெசேஜ் அனுப்பினால் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். இதில் தயங்காமல் கண்டிப்பாக இருங்கள்.

அப்புறம், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த பட்ஜெட்டைக் காட்டச் சொல்லுங்கள். வரவுக்கு மேல் செலவு வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். வீட்டுக் கணக்கை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்பான், பாருங்கள்.

ஏஐ எழுதிக் கொடுப்பதைப் பதிவாகப் போடலாமா?
*– வாசகர், ஏர்வாடி*

என் உலகத்தில் கூடாது. எழுத்துப் பிழையோடு ஆறு வரி போடுங்கள், போதும். தட்டச்சு வராதவர்கள் குரலில் சொல்லிப் போடுகிறார்கள், அதுவும் நல்லதுதான். நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதத்தான் எதிரில் ஒரு மனிதர் வாரம் முழுக்கக் காத்திருக்கிறார்.

ஆட்கள் பாதியில் போய்விடுகிறார்கள். அவர்களுடைய நாட்டை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா?
*– சர்வர் நடத்துபவர், தேவிபட்டினம்*

பிரிக்காதீர்கள். போகிறவர்கள் சலித்துப் போவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் வேலை, பரீட்சை, வீட்டில் துக்கம், கல்யாணம், ரீசார்ஜ் செய்யக் காசில்லாமை, இப்படித்தான் இருக்கும். எட்டு வாரம் பதிவு இல்லையென்றால் அந்த நாட்டைக் காப்பில் வைக்கிறோம். யாரும் படையெடுக்கக் கூடாது, எல்லையைத் தொடக் கூடாது. பக்கத்து நாட்டுக்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களில் ஒருவர் மீன்பிடி வேலைக்கு வளைகுடா போனார். இரண்டு வருடம் பேச்சே இல்லை. அவருடைய நாட்டில் கலங்கரை விளக்கம் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவி உண்டு, அவர் படைத்த பாத்திரம். வாரம் ஒருவராக அந்தக் கிழவியின் வாயால் ஒரே ஒரு வரி எழுதி வந்தோம். "இன்றும் விளக்கு ஏற்றினேன். கப்பல் வரவில்லை." நூறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் திரும்பி வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துவிட்டு, விடியற்காலையில் ஒரு வரி போட்டார். "கிழவி, கப்பல் தெரிகிறதா பார்."

விதி விதிதான். இரண்டு வருடம் தூர் வாராமல் கிடந்ததால் அவருடைய கிணறுகளுக்குத் தண்ணீரில் இரண்டு புள்ளி குறைத்தேன். மறுபேச்சு பேசவில்லை. அடுத்த பதிவிலேயே மண்வெட்டியோடு கிணற்றுக்குள் இறங்கிவிட்டார்.