ஓய்வுக் காசை அமெரிக்க விளையாட்டுப் பூங்காக் கம்பனியில் போடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்து போன வருசம் ஓய்வு பெற்றார். ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., பணிக்கொடை எல்லாம் சேர்த்து 16 இலட்சம் ரூபா கையில் இருக்கிறது. ரியாத்தில் வேலை செய்யும் மகன், சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் பங்கு விலை பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது, பேர்போன விளையாட்டு வீரர் ஒருவரே அதில் காசு போட்டிருக்கிறார், ரியாத் பக்கத்தில் கித்தியா என்ற இடத்திலும் அவர்களுடைய பெரிய பார்க் இருக்கிறது, 10 இலட்சம் போட்டு வையுங்கள் என்கிறான். ஹட்டனில் ஒருவர் ஆப் மூலம் வாங்கித் தருவாராம். மாதம் 5 வீதம் நிச்சயம், ஆள் சேர்த்துவிட்டால் கமிஷனும் உண்டு என்கிறார். கடைசி மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும், கூரையும் திருத்த வேண்டும். போடலாமா?
— வாசகி, தலவாக்கலை

பதில்: போட வேண்டாம் அம்மா. 10 இலட்சமும் வேண்டாம், 1 இலட்சமும் வேண்டாம். ஆனால் மகன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. அதனால் வெறுமனே வேண்டாம் என்று சொல்லி முடிக்காமல் விவரமாகவே எழுதுகிறேன். மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சிக்ஸ் ஃபிளாக்ஸின் முதல் பூங்கா 1961 இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் திறக்கப்பட்டது. 2024 ஜூலை 1 ஆம் திகதி அந்தக் கம்பனி, சீடார் ஃபெயார் என்ற இன்னொரு பழைய பூங்காக் கம்பனியோடு இணைந்தது. இணைந்த நேரத்தில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலுமாக 27 கேளிக்கைப் பூங்காக்களும் 15 நீர்ப் பூங்காக்களும் அதன் கையில் இருந்தன. உலகம் முழுவதும் இருந்து விமானம் ஏறி வரும் கூட்டத்தை நம்பி நடக்கும் இடங்கள் இல்லை இவை. பக்கத்து நகரங்களில் இருந்து குடும்பத்தோடு காரில் வந்து, பொழுதைக் கழித்துவிட்டு இரவே வீடு திரும்புகிறவர்கள்தான் வாடிக்கையாளர். வருமானத்தில் ஏறத்தாழ பாதி நுழைவுச் சீட்டில் வருகிறது. மிச்சம் பெரும்பாலும் உள்ளே விற்கும் சாப்பாடு, குடிபானம், விளையாட்டுச் சாமான்களில் இருந்து வருகிறது. கோடை தொடங்குமுன்பே வருடச் சீட்டை விற்று முன்பணம் வாங்கிக்கொள்வதும் இந்தத் தொழிலின் வழக்கம்.

செலவைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு ரோலர் கோஸ்டரைக் கட்டவே பல கோடி டொலர் போகும். கட்டிய பிறகும் ஒவ்வொரு நாள் காலையிலும் பாதை, பிரேக், இருக்கைப் பூட்டு எல்லாவற்றையும் தொழில்நுட்ப ஆட்கள் பார்த்து, ஆளில்லாமல் ஓடவிட்டுச் சோதித்த பிறகுதான் முதல் ஆளை ஏற்றுவார்கள். அன்றைக்கு மழை கொட்டி ஆயிரம் பேர் வந்தாலும், வெயில் அடித்து இருபதாயிரம் பேர் வந்தாலும் அந்தச் செலவு குறையாது. குளிர்காலத்தில் பல பூங்காக்களுக்குப் பூட்டு. ஆகவே வருடக் காசில் பெரும்பகுதியைக் கோடை மாதங்களிலேயே தேடி எடுத்துவிட வேண்டும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குக் கடை போடுகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சில வாரங்களில் மழை பிடித்துக்கொண்டால் அவர்கள் வருடம் முழுக்க எப்படி இழுபடுவார்களோ, அந்த நிலைதான் இந்தக் கம்பனிக்கும். 2025 கோடையில் நல்ல சீசன் நேரத்தில் வானிலை கெடுத்தது, கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை, இலாபக் கணிப்பைக் கம்பனியே குறைத்தது. பங்கு விலை அந்த வருடத்தில் பாதிக்கும் கீழே போனதற்கு இது ஒரு பெரிய காரணம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் மேரிலாந்தில் இருந்த பூங்காவையும் 2025 நவம்பரோடு மூடிவிட்டார்கள்.

இவ்வளவும் எந்தத் தொழிலிலும் வரக்கூடிய ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் கடனில்தான். இணைந்த கம்பனியின் தலையில் ஏறத்தாழ 500 கோடி டொலர் கடன் இருக்கிறது. மழை பெய்தாலும் வட்டி கட்டியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் 2009 ஐ நினைவுபடுத்துகிறேன். பழைய சிக்ஸ் ஃபிளாக்ஸ் கம்பனி 240 கோடி டொலர் அளவு கடனைச் சமாளிக்க முடியாமல் அந்த ஜூனில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அந்தக் கோடையிலும் பூங்காக்கள் ஓடின. பிள்ளைகள் கோஸ்டரில் ஏறிக் கத்தினார்கள், ஐஸ்கிரீம் விற்றது. வெளியில் இருந்து பார்த்தவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. 2010 இல் கம்பனி வழக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது கடன் கொடுத்தவர்கள் புதிய பங்குகளை எடுத்துக்கொண்டார்கள். பழைய பங்குகள் ரத்தாகின. அவற்றை வைத்திருந்த சாதாரண மக்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

பங்கு வாங்குவது என்றால் இதுதான் அம்மா. கம்பனியின் காசுக்கு முதலில் வங்கியும் கடன் பத்திரக்காரரும் நிற்பார்கள். பங்குக்காரர் வரிசையில் கடைசி ஆள். பூங்கா நன்றாக ஓடுவதும் பங்குக்காரர் நன்றாக இருப்பதும் இரண்டு வேறு விஷயம். அதே கதை திரும்ப நடக்கும் என்று நான் சொல்லவில்லை. கம்பனியிடம் பெறுமதியான நிலம் நிறைய இருக்கிறது. சீடார் ஃபெயார் 2022 இல் கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு பூங்காவின் நிலத்தை மட்டும் 31 கோடி டொலருக்கு விற்றது. நிர்வாகம் சரியாக நடந்தால் பங்கு இங்கிருந்து இரண்டு மடங்காகவும் ஆகலாம். ஆனால் அதைக் காத்திருந்து பார்க்க வயதும் மாதச் சம்பளமும் வேண்டும். முப்பத்தைந்து வருட உழைப்பை ஒரே தடவை கையில் வாங்கியவர் கடைசி வரிசையில் போய் நிற்கக் கூடாது.

விளையாட்டு வீரர் விஷயமும் உண்மைதான். 2025 ஒக்டோபரில் ஜானா பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனமும், அமெரிக்கக் கால்பந்து வீரர் டிராவிஸ் கெல்சியும், இன்னும் சிலரும் சேர்ந்து கம்பனியின் பங்கில் ஏறத்தாழ 9 வீதம் தங்களிடம் இருப்பதாக அறிவித்தார்கள். அவர்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி, பூங்காக்களை நடத்தும் விதத்தையே மாற்றச் சொல்லக்கூடியவர்கள். போட்ட காசு முழுவதும் போனாலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரியும்.

கித்தியாவைப் பற்றி மகன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பூங்கா சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குக் கீழே இருக்கும் கித்தியா நிறுவனத்தின் சொத்து. பெயருக்கும் நடத்திக் கொடுப்பதற்கும்தான் சிக்ஸ் ஃபிளாக்ஸுக்குக் கட்டணம் கிடைக்கிறது. வாசலில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் அந்தச் சீட்டுக் காசு இந்தப் பங்குக்காரரிடம் வராது.

இனி ஹட்டன்காரர். இவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. இணைந்த பிறகு இந்தக் கம்பனி பங்குக்காரருக்கு ஒழுங்கான பங்கிலாபமே கொடுப்பதில்லை, கடனை இறக்கத்தான் பார்க்கிறது. அப்படியிருக்க, மாதம் 5 வீதம் எங்கிருந்து வரும்? உங்களுக்குப் பிறகு சேருகிற ஆளின் காசில் இருந்துதான் வரும். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று அவரே வாயால் சொல்லிவிட்டார். பிரமிட் திட்டம் நடத்துவது நம் நாட்டில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம். சேர்த்துவிடுகிறவரும் அந்தக் குற்றத்தில் மாட்டிக்கொள்வார். தோட்டத்தில் நாலு பேரை நீங்கள் சேர்த்துவிட்டால், காசு போன பிறகு அவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். இங்கே வசிக்கிறவர் வெளிநாட்டுப் பங்கு வாங்க சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. 2017 இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வங்கியில் அதற்கென்று தனிக் கணக்கு திறந்து, மத்திய வங்கி விதிக்கும் கட்டுப்பாடுகளுக்குள் அனுப்ப வேண்டும். கையில் காசு வாங்கிக்கொண்டு ஆப்பில் இலக்கம் காட்டுவது அந்த வழியில் சேராது. அவருக்கு உங்கள் அடையாள அட்டைப் பிரதியையும் கொடுக்க வேண்டாம்.

மகனுக்கு அந்தக் கம்பனி மேல் நம்பிக்கை இருந்தால் அவர் தன் சம்பளத்தில் வாங்கட்டும். சவூதியில் உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில், தன் பெயரில் கணக்கு திறந்து, முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய அளவு மட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் கணக்கறிக்கையில் கூட்டத்தின் தொகையைப் பார்ப்பதை விட, கடன் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரூபா மறுபடி விழும் என்ற பயம் அவருக்கு இருக்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். அதற்கு, அவர் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை இங்குள்ள வங்கியில் தன் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைத்திருக்கலாம்.

உங்கள் 16 இலட்சத்துக்கு வருகிறேன். 3 இலட்சத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் விடுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையை உலுக்கியபோது எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின, எத்தனை நாள் பாதை அடைபட்டுக் கிடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் வட்டி முக்கியமில்லை, கைக்கு எட்டுகிற காசுதான் முக்கியம். கூரையை அடுத்த தென்மேல் பருவ மழைக்கு முன் முடித்துவிடுங்கள். தகரத்தையும் மரத்தையும் நீங்களே ஹார்ட்வெயாரில் வாங்கிக்கொடுத்து, பாஸுக்குக் கூலியை மட்டும் பேசினால் கணக்கு கையை மீறாது.

மிச்சத்தை நிலையான வைப்பில் போடுங்கள். ஒரே இடத்தில் மொத்தமாக வேண்டாம். வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். வீட்டுக்காரர் பெயரில் ஒரு வங்கியில் மாத வட்டி வருகிற மாதிரி ஒரு பகுதி, உங்கள் பெயரில் இன்னொரு வங்கியில் மகளின் கல்யாணத்துக்காக முதிர்வில் வட்டியோடு எடுக்கிற மாதிரி ஒரு பகுதி. கூட வட்டி தருகிறோம் என்று நிதிக் கம்பனிகள் கூப்பிடும். மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். வைப்புத் துண்டை அடகு வைத்து யாருக்கும் கடன் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் இருவருக்கும் தனித்தனியாக வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்பதால், வைப்பு போடும் அன்றைக்கே சுய பிரகடனப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தால் அந்த வரியைப் பிடிக்க மாட்டார்கள். கவுண்டரில் இருக்கிறவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும், அது ஏப்ரல் 1 இல் தொடங்குகிறது.