ஓடும் ரயிலுக்கு நிற்கும் மனிதர்கள்: கேள்வி-பதில்

மாதிரி ரயில் லேஅவுட்டில் (பொம்மை ரயில் ஓடும் சின்ன ஊர்க்காட்சியில்) நிறுத்த மனித உருவங்கள் வாங்கினேன். பெட்டியில் 'எச்ஓ/ஓஓ' என்று இரண்டு அளவுகளையும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம், ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். எச்ஓ என்பது 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு; ஓஓ என்பது 1:76. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் என்பதால் விற்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. 1.70 மீட்டர் உயரமுள்ள ஆள் எச்ஓ-வில் 19.5 மி.மீ., ஓஓ-வில் 22.4 மி.மீ. இருக்க வேண்டும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. ஓஓ உருவத்தை எச்ஓ பிளாட்பாரத்தில் நிறுத்தினால் 1.95 மீட்டர் உயர மனிதன் நிற்பான். எச்ஓ உருவம் ஓஓ லேஅவுட்டுக்குப் போனால் 1.48 மீட்டராகிவிடும். ஒருவர் இருவர் அப்படி இருந்தால் உறுத்தாது. ஊரே அப்படி இருந்தால் கட்டடங்கள் பொய்யாகத் தெரியும்.

குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை அளந்து, அந்த அளவின் எண்ணால் (எச்ஓ என்றால் 87, ஓஓ என்றால் 76) பெருக்குங்கள். அடித்தட்டையும் தொப்பியையும் சேர்க்கக் கூடாது. பெரியவர்களுக்கு 1.50 முதல் 1.85 மீட்டருக்குள் விடை வந்தால் வாங்கலாம். எல்லோரும் ஒரே உயரத்தில் இருந்தால் அதுவும் குறைதான். 'என்' என்ற இன்னும் சிறிய அளவில் இந்தத் தலைவலி இல்லை: 1:160-க்கு 10.6 மி.மீ., பிரிட்டனில் புழங்கும் 1:148-க்கு 11.5 மி.மீ. கலந்து வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 'ஓ' என்ற பெரிய அளவில் மறுபடி கவனம் தேவை. பிரிட்டன் 1:43.5, ஐரோப்பா பெரும்பாலும் 1:45, அமெரிக்கா 1:48. அதே ஆள் 39 மி.மீ.-யிலிருந்து 35 மி.மீ. வரை மாறுவார்.

நூறு உருவங்கள் கொண்ட மலிவுப் பொட்டலம் வாங்கினேன். வீணா?

வீணில்லை, ஆனால் முன்வரிசைக்கு உதவாது. ஏழெட்டு அச்சுகளே திரும்பத் திரும்ப வரும், உயரம் தாறுமாறாக இருக்கும், பெயின்ட் பளபளக்கும். முதலில் உயரம் பார்த்துப் பிரித்துவையுங்கள். குள்ளமானவை லேஅவுட்டின் பின்கோடிக்குப் போகட்டும்; தூரத்தில் சிறிதாகத் தெரிவது ஆழத்தைக் கூட்டும். உட்கார்ந்தவை ரயில்பெட்டிக்குள் போகட்டும். மீதியில் கையை முழங்கையிலோ தோளிலோ வெட்டி, வேறு கோணத்தில் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்தால் ஒரே அச்சு என்பது மறையும்.

பெயின்ட் அடித்தது, அடிக்காதது, உலோகம், 3டி பிரின்ட்: எது நல்லது?

பெயின்ட் அடிக்காத பாலிஸ்டைரீன் உருவங்களுக்கே என் வாக்கு. ப்ரைசர் போன்ற நிறுவனங்களின் பெயின்ட் அடிக்காத தொகுப்பில் ஒரு உருவத்துக்கு ஆகும் செலவு குறைவு, வெட்டவும் ஒட்டவும் எளிது. வெள்ளை உலோகம் எனப்படும் மென்மையான கலப்புலோகத்தில் உடையின் மடிப்புகள் நன்றாக விழும், கையைக் கொஞ்சம் வளைக்கலாம். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோட்டை அரத்தால் ராவ வேண்டும். பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் நனைத்து ராவி, கை கழுவிவிடுங்கள். உண்மையான ஆட்களை ஸ்கேன் செய்து ரெசினில் அச்சிட்டவற்றின் உடல்வாகு அசலாக இருக்கும். ஆனால் ரெசின் நொறுங்கும். அடித்தட்டைக் கட்டரால் நறுக்கினால் கணுக்காலோடு போய்விடும், உப்புத்தாளில் தேய்த்தே எடுங்கள். வளைத்தால் துவளும் பாலிஎதிலீன் உருவங்களில் பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் நிற்காது.

எவ்வளவு கவனமாக அடித்தாலும் பொம்மையாகவே தெரிகிறதே?

காரணம் பெரும்பாலும் மூன்று: பளபளப்பு, கண், அழுத்தமான நிறம்.

எச்ஓ-வில் தலையே 2.6 மி.மீ.தான். பிரஷ் நுனியால் வைக்கும் புள்ளி அரை மில்லிமீட்டர் இருந்தால், நிஜ அளவில் அது நாலு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள விழி. திடுக்கிட்டு விழிப்பது போலத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? கண்ணை வரையவே வேண்டாம். குழியில் தங்கும் நிழலே போதும்.

செய்முறை இது. சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சு எண்ணெய் இருந்தால் பெயின்ட் உரியும். பாதத்தில் ஒரு துளி வெள்ளைப் பசை வைத்துத் தீக்குச்சியில் நிறுத்தினால் பிடிக்க வசதி. சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) மெல்லியதாக ஒரு பூச்சு. பிறகு தோல், உள்ளே போட்ட உடை, அதன்மேல் போட்ட உடை, கடைசியில் செருப்பும் பையும். மேட் (பளபளக்காத) அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீர் விட்டு இரண்டு மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும்; கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் மடிப்புகள் மூழ்கிவிடும். சுத்தக் கறுப்புக்குப் பதில் அடர்சாம்பல், சுத்த வெள்ளைக்குப் பதில் பழுப்பேறிய வெள்ளை, சிவப்பில் துளி பழுப்பு. சின்னப் பொருளில் நிறம் எப்போதும் நிஜத்தைவிட அழுத்தமாகத் தெரியும் என்பதால்தான் இந்தத் தணிப்பு.

காய்ந்ததும் நீர்த்த அடர்பழுப்பை மேலே ஓடவிடுங்கள். அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். தோளிலும் முழங்காலிலும் அதே உடையின் வெளிர்நிறத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் உரசினால் போதும். முடிவில் மேட் வார்னிஷ், 20-25 செ.மீ. தள்ளிப் பிடித்து. ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே செய்தால் வெண்புகை படிந்தது போல மங்கும். நேரமே இல்லாதவர்கள், வாங்கிய உருவத்துக்கு அந்தப் பழுப்பையும் மேட் வார்னிஷையும் மட்டும் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நிறுத்தினால் விழுகிறது, சூப்பர் குளூ போட்டால் சுற்றிலும் வெள்ளை படிகிறது.

அந்த வெள்ளைப் படிவு, சூப்பர் குளூவின் ஆவி படிவதால் வருவது. பசை அதிகமானால் படிவும் அதிகம். எச்ஓ-வுக்குக் காலின் அடியில் 0.5 மி.மீ. துளை, மூன்று மி.மீ. ஆழம். அதில் 0.45 மி.மீ. பித்தளைக் கம்பி, நுனியில் மட்டும் பசை. பிளாட்பாரத்தில் அதேபோல் துளையிட்டுப் பசையில்லாமல் செருகினால் பிறகு இடம் மாற்றலாம். 'என்' அளவில் கால் மெலிது, 0.3 மி.மீ. கம்பிதான் தாங்கும்.

எந்தத் தோரணை? எத்தனை பேர்?

ஓடுபவர், கை ஆட்டுபவர், குதிக்கும் குழந்தை எல்லாம் ஒரு நிமிடம் பார்த்தால் உறைந்துபோனதாகத் தெரியும். நிற்பவர், உட்கார்ந்தவர், சாய்ந்தவர், பேசுபவர் எவ்வளவு நேரம் பார்த்தாலும் பொருந்துவார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்த்து, இடையிடையே தனியாள் ஒருவர். சம இடைவெளியில் வரிசையாக நட்டுவிடாதீர்கள். மக்கள் சேர்வது படிக்கட்டு, பெஞ்சு, நிழல் இருக்கும் இடங்களில். பிளாட்பார ஓரத்தில் அல்ல. பாதிப் பேராவது பார்வையாளருக்கு முதுகைக் காட்டட்டும். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் குறையுங்கள். ஆனால் ஓட்டுநர் இல்லாத கேபின் மட்டும் கூடாது, கண் நேராக அங்கேதான் போகும்.

1930-களின் லேஅவுட்டுக்கு ஏதாவது விதி?

ஐரோப்பா, அமெரிக்கா என்றால் தொப்பியில்லாத ஆண்கள் அரிதாக இருக்கட்டும். கைபேசிக்காரரும் கைப்பிடி நீளும் சக்கரப் பெட்டியும் கூடாது. அந்தப் பெட்டி 1987-இல்தான் வந்தது. பிரிட்டனில் தண்டவாளப் பணியாளருக்கு ஆரஞ்சு மேலாடை சோதனையாகத் தரப்பட்டதே 1964-இல். அதற்கு முந்தைய காலமென்றால் அந்த உருவங்களை ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டிக்குள் பயணிகள் உட்கார மாட்டேனென்கிறார்கள். கூரை மூடவில்லை.

மாதிரி ரயில்பெட்டிகளில் போகிக்கும் (அடியிலிருக்கும் சக்கரச் சட்டத்துக்கும்) விளக்குக்கும் இடம் விட்டுத் தரையை உயர்த்தியிருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே கட்டரால் நறுக்குங்கள், தேவைப்பட்டால் தொடை வரைக்கும். ஜன்னல் வழியே இடுப்புக்கு மேல்தான் தெரியும். வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை மங்கவைக்கும். உலோகப் பயணிகள் வேண்டாம், பத்துப் பெட்டிகளுக்கும் சேர்த்தால் ஏற்றத்தில் என்ஜின் சறுக்கும்.