மறு: இரவல் போன சிடிகள் கீறலோடு திரும்புகின்றன

வணக்கம். கல்லூரி நூலகத்தில் புத்தகங்களோடு வந்த 400 சிடிகளைப் பின்னட்டை உறையில் வைத்தே இரவல் கொடுப்பதாகவும், பாதி தொலைந்து மீதி கீறலாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் சிடியைப் புத்தகத்திலிருந்து பிரித்துவிடுங்கள். கவுண்டருக்குப் பின்னால், பெட்டியோடு செங்குத்தாக, புத்தகப் பதிவெண் வரிசையில் நிற்கட்டும். கேட்பவருக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

என்னைப் பதறவைத்தது, சிடியின் மேலேயே பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவதாகச் சொன்னதுதான். எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்துக்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் இருப்பது எழுத்துள்ள மேல்பக்கம், மெல்லிய பூச்சுக்குச் சற்றே கீழே. ஸ்டிக்கரை உரித்தால் படலமும் கூடவே வந்துவிடலாம், வந்துவிட்டால் பிறகு மீட்க வழியில்லை. அடிப்பக்கக் கீறலையாவது பல நேரம் மெருகேற்றிச் சரிசெய்யலாம். அதனால் ஏற்கெனவே ஒட்டியவற்றை உரிக்காதீர்கள். இனி பதிவெண்ணை நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில், தண்ணீர் மைப் பேனாவால் எழுதுங்கள். பார்கோடு பெட்டிமேல் போதும்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். திரும்பி வரும்போது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டே வரவு வையுங்கள். எங்கள் நூலகத்தில் காலிப்பெட்டிகள் திரும்பிய கதை நிறைய உண்டு.